பம்ப் அறைக்குப் பிறகு

என் மைத்துனன் பொய் சொல்வதை நிறுத்தியபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

அதுவரை நன்றாகத்தான் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். "மேடெல்லாம் இல்ல மாமா, லேசான ஏத்தம்" என்பான்; ஏறி முடிப்பதற்குள் தொடை இரண்டும் எரியும். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்பான்; அந்தக் கொஞ்ச தூரம் முடிவதற்குள் பிடரியில் வெயில் ஏறிவிடும். "நாய் தூங்குது மாமா, நீங்க வாங்க" என்பான். தூங்குகிற அந்த நாய் கால்வாய்த் திருப்பம் வரை எங்களைத் துரத்திக்கொண்டு வரும். கண் தெரியாதவனுக்குப் பக்கத்தில் ஓடி வழி சொல்கிறவன் இந்த அளவுக்காவது பொய் சொல்லத்தான் வேண்டும். உள்ளதை உள்ளபடி சொன்னால் எவன் ஓடுவான்?

ஒரு காலையில், பாதி வழியில் தண்ணீர் குடிக்க நிற்கும் பம்ப் அறையிலிருந்து திரும்பி ஓட ஆரம்பித்ததும், அவன் வாயையே திறக்கவில்லை. மேடு வந்தது, சொல்லவில்லை. கயிறு மட்டும் சின்னதாக இரண்டு முறை சுண்டியது. வளைவு வந்தது, கயிறு மெல்லச் சாய்ந்து காட்டியது. நாய் குரைத்தபோதுகூட ஒரு வார்த்தை இல்லை. ஓட்டம் முடிந்து நின்று, நான் கயிற்றை விட்டு முகம் துடைக்கத் துண்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் அவன் பழைய ஆளாக மாறினான்.

"சூப்பர் மாமா! பின்னிட்டீங்க!"

"ஏன்டா மாப்ளே வழியெல்லாம் ஊமையாட்டம் வந்த?"

"பேசிட்டே ஓடினா மூச்சு வாங்குது மாமா. போகும்போது நான் பேசறேன், வரும்போது கயிறு பேசட்டும்."

காரணம் நியாயமாகத்தான் இருந்தது. ரொம்ப நியாயமாக இருக்கிற காரணங்களை நான் நம்புவதில்லை. தொழில் அப்படி.

ஒரு கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் எனக்கு வேலை. காதில் ஒரு கருவி, அதன் ஒரு பக்கத்தில் கணினி திரையைப் படித்துக் காட்டும், மறு பக்கத்தில் யாராவது கத்துவார்கள். பெட்டி உடைந்து வந்தது என்று சத்தியம் செய்கிறவர், பெட்டியைப் பிரிக்கும்போது தானே கீழே போட்டாரா என்பதைக் குரலை வைத்தே நான் சொல்லிவிடுவேன். கண் போன பிறகு வந்த வித்தை இல்லை இது. கண் இருந்தபோதும் இதே நாற்காலி, இதே வேலைதான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து, நாலு வருடத்துக்கு முன்னால் முழுசாக அணைந்தது. கம்பெனி என்னை வெளியே அனுப்பவில்லை. வீடுதான் என்னை உட்கார வைத்துவிட்டது.

அதைச் சொல்லியாக வேண்டும். எனக்குச் சட்டை எடுத்து வைக்கிறார்கள். தட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்கிறார்கள். விருந்தாளி வந்தால் என்னிடம் கேட்க வேண்டியதை என் மனைவியிடம் கேட்கிறார்கள்: "அவருக்குச் சர்க்கரை போடலாமா?" எல்லாம் அன்புதான். அந்த அன்பு சில நாள் என் கழுத்தை நெரிக்கும். ஆனால் எனக்காக வேறு யாரும் ஓட முடியாது. என் கால், என் மூச்சு, என் வலி. இருபத்தொரு கிலோமீட்டர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்ததும் அதற்காகத்தான். அதை மட்டும் நானே செய்து முடித்துவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் எனக்குச் சட்டை எடுத்து வைக்கட்டும்.

லிப்ட் மெக்கானிக்கான என் மைத்துனன்தான் கூட ஓட முன்வந்தான். ஒரு பழைய ஷூ லேஸின் இரண்டு முனையிலும் வளையம் போட்டு, ஒன்று என் விரலில், ஒன்று அவன் விரலில். வழி காட்டத்தான் கயிறு, இழுக்க இல்லை. போட்டியில் இழுத்தால் அங்கேயே வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். முதல் நாளே அவனிடம் சொல்லிவிட்டேன்: "இழுத்தே, அதோட உனக்கும் எனக்கும் பேச்சு இல்ல."

இப்போது அவனே பேசவில்லை.

எனக்கு முதலில் தோன்றியது, தூரத்தில் கை வைக்கிறான் என்பதுதான். வரும்போது ஓட்டம் சுகமாக இருந்தது. போகும்போது படுகிற பாடு வரும்போது இல்லை. களைத்துப்போன கால் எப்படிச் சுகமாக ஓடும்? ஏதோ குறுக்கு வழி, அதில் புகுந்து என்னைச் சீக்கிரம் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, முழுத் தூரமும் ஓடினதாகக் கை தட்டுகிறான். கடிகாரம் அவன் கையில். அவன் சொல்வதுதான் கணக்கு. கண்ணில் மண்ணைத் தூவுவது என்பார்கள். என் விஷயத்தில் மண்கூடச் செலவில்லை.

அடுத்த ஓட்டத்துக்கு, தூரத்தைச் சொல்லும் என் போனை இடுப்புப் பையில் ஒளித்து எடுத்துப் போனேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு காதருகே வைத்துக் கேட்டேன். தூரம் அப்படியே சரியாக இருந்தது, ஒரு அடிகூடக் குறையவில்லை. ஆனால் போன் இன்னொன்றும் சொன்னது. போனதைவிட வேகமாகத் திரும்பியிருக்கிறேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் போனை இன்னொரு முறை சொல்ல வைத்துக் கேட்டேன். தூரத்தில் ஏமாற்றவில்லை என்றால் வேறு எதில் ஏமாற்றுகிறான்?

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே சந்தேகமாகக் கேட்டது. நான் கூடத்துக்குள் நுழைந்தால் மனைவியின் போன் பேச்சு நின்றுபோகிறது. "யாரு?" என்றால் "ராங் நம்பர்" என்கிறாள். ராங் நம்பரிடம் "முட்டி எப்படி இருக்கு" என்று விசாரிக்கிற பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கப்போவதும் இல்லை.

"உன் தம்பிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"அவனுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கான்."

"முட்டின்னு காதுல விழுந்துச்சு."

"முட்டைன்னு சொல்லியிருப்பேன்."

"முட்டை எப்படி இருக்குன்னு கடைக்காரன்கிட்ட கேட்டியா?"

"என்னங்க இது, போலீஸ் மாதிரி? அந்தப் புகார் வேலைய ஆபீசோட விட்டுட்டு வரக் கூடாதா?" என்று பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். கோபித்துக்கொண்டால் நான் நிறுத்திவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். பாத்திரச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். "போட்டிக்கு உங்க தம்பியைக் கூப்பிடலாமா? வேடிக்கை பார்க்கவாவது."

"எனக்குத் தம்பி இருக்கானா?"

எனக்கு ஒரு தம்பி உண்டு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். கண் முழுசாகப் போன அன்று, ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் தூங்குவதாக நினைத்து, "அண்ணன் இனிமே வேலைக்கெல்லாம் போக வேணாம், பேசாம உக்காந்து சாப்பிடட்டும், நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னவன். நான் எழுந்து உட்கார்ந்து சண்டை போட்டேன். அன்றைக்குப் போனவன் போனவன்தான். நாலு வருடமாக ஒரு போன்கூட இல்லை. அண்ணன் குருடானதும் தம்பிக்கு வேலை முடிந்தது என்று நான் கணக்கு எழுதி மூடிவிட்டேன்.

அவனை விடுங்கள். நான் மைத்துனன் விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்து எனக்குக் கிடைத்த தடயம் காலடி. போகும்போது அவன் காலடி எனக்குத் தனியாகக் கேட்கும், ஒரு கால் அழுத்தியும் ஒரு கால் பட்டும் படாமலும். வரும்போது கேட்கவே கேட்காது. என் காலடி மட்டும்தான், தட் தட் தட் என்று. பக்கத்தில் ஓடுகிறவனுக்குக் கால் இல்லையா? போதாததற்கு, பம்ப் அறையிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஒரு சைக்கிள் சங்கிலி கிரீச் கிரீச்சென்று வரும். முடித்த இடத்தில் அவன் பேசும்போது பார்த்தால், அதாவது கேட்டால், மூச்சே வாங்குவதில்லை. அத்தனை தூரம் ஓடின மனுஷன், லிப்டில் இறங்கி வந்தவன் மாதிரி பேசுகிறான்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பயல் சைக்கிளில் வருகிறான்! கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஜாலியாக மிதித்துக்கொண்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு போவதுபோல் என்னை ஓட்டுகிறான்.

"மாப்ளே," என்றேன் மறுநாள் காலை, ஷூ கட்டும்போது. "கயிறப் புடிச்சுக்கிட்டு சைக்கிள்ல வர்றியா?"

"ஐயோ மாமா!"

"வர்றியா, இல்லையா?"

"என் பொண்ணு மேல சத்தியமா, கயிறப் புடிச்சுக்கிட்டு நான் சைக்கிள் ஓட்டல மாமா."

குரலைத் தட்டிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பொய் இல்லை. சுத்தமான உண்மை. என் தொழில் வாழ்க்கையிலேயே ஒரு உண்மை என்னை இவ்வளவு எரிச்சல்படுத்தியதில்லை.

அன்று திரும்பி வரும்போது, கால் தடுக்கியதுபோல் நடித்துப் பக்கத்தில் கையை வீசினேன். தோளைப் பிடித்துவிட்டால் போதும், ஆள் சைக்கிளில் இருக்கிறானா தரையில் இருக்கிறானா என்று தெரிந்துவிடும். என் கை காற்றைத்தான் பிடித்தது. அவன் விலகிவிட்டான். கண் தெரியாதவன் தடுக்கி விழப்போகிறான், பக்கத்தில் இருக்கிறவன் பிடிக்காமல் விலகுகிறான்! நான் சமாளித்து நின்றதும் கயிறு இரண்டு முறை சுண்டியது, போகலாமா என்பதுபோல. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்ததா, வேறு எதிலாவது வந்ததா என்று தெரியவில்லை.

அன்றிரவு தூக்கம் வராமல் புரண்டபோதுதான் தைலம் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை, வலிக்குத் தடவுகிற தைலத்தை உள்ளங்கையில் தாராளமாக ஊற்றிக்கொண்டு, "வாடா என் சிங்கமே, நீ இல்லாட்டி எனக்கு ஏது ஓட்டம்" என்று மைத்துனனைக் கட்டிப் பிடித்தேன். முதுகு, தோள், கை என்று ஒரு இடம் விடவில்லை. "என்ன மாமா, காலங்காத்தால பாசம் பொங்குது?" என்று சிரித்தான். பாசம் இல்லை, வாசம். பம்ப் அறை வரை அந்த நெடி என் மூக்கைத் துளைத்துக்கொண்டு கூடவே வந்தது. அங்கே எப்போதும்போல் மோட்டார் காதை அடைக்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. குழாயடியில் கயிற்றை விட்டுவிட்டு, முகம் கழுவி, தண்ணீர் குடித்தேன். வளையம் மறுபடி விரலில் ஏறியது. ஓடினோம்.

தைல வாசம் இல்லை.

காற்று எதிரில் அடிக்கிறதோ என்று தலையைத் திருப்பி முகர்ந்தேன். வியர்வை வாசம் இருந்தது, ஆள் இருக்கிற சூடு இருந்தது. தைலம் மட்டும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து சைக்கிள் சங்கிலி கிரீச்சிட்டுக்கொண்டு எங்களைத் தாண்டியது. தாண்டின காற்றில் வந்தது தைல நெடி.

மைத்துனன் சைக்கிளில் போகிறான். அப்படியென்றால் என் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவது யார்?

நிற்கவில்லை நான். கால் அதுபாட்டுக்கு ஓடியது. உடம்பு முழுக்க ஒரு பயம் பரவியது. இத்தனை வாரமாக, யாரென்றே தெரியாத ஒரு ஆளின் விரலோடு என் விரலைக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். கால்வாய் ஒரு பக்கம், லாரி போகிற சாலை ஒரு பக்கம். அவன் சாய்த்த பக்கம் சாய்ந்திருக்கிறேன். காசு கொடுத்துப் பிடித்த ஆளா? ஏதாவது பயிற்சியாளரா? நான் வேகமாக ஓடுவதெல்லாம் அவன் இழுத்த வேகமா? வீடே சேர்ந்து கூடிப் பேசி, கயிற்றைக் கைமாற்றி, கடைசியில் என்னைப் பதக்கத்தோடு நிற்க வைத்து, "பாவம், சந்தோஷமா இருக்கட்டும்" என்று கை தட்டத் திட்டமா? என்னுடையது என்று மிச்சமிருந்தது இது ஒன்றுதான். இதையும் எனக்காக யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஆளுக்கொரு கதை தயார் செய்வார்கள்.

எங்கள் புகார்ப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. மறைக்கிற ஆளிடம் கேள்வி கேட்கக் கூடாது. ஒன்றும் பேசாமல் இருக்க வேண்டும். இணைப்பில் இருக்கிறோம் என்பது தெரிகிற மாதிரி மூச்சு மட்டும் விட வேண்டும். மனிதர்களால் மௌனத்தைத் தாங்க முடியாது. கொஞ்ச நேரத்தில் அவர்களே அதை நிரப்ப ஆரம்பிப்பார்கள், நிரப்பும்போது உண்மையும் வந்து விழுந்துவிடும். எங்கள் தளத்தில் இந்த ஆட்டத்தில் என்னை ஜெயித்த ஆள் இல்லை. மேலாளரே வந்து தோற்றிருக்கிறார்.

போட்டிக்கு முன்னால் கடைசி நீண்ட ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பம்ப் அறையில் தண்ணீர் குடித்தேன். வளையம் விரலில் ஏறியது. மோட்டார் சத்தம் முதுகுக்குப் பின்னால் தேய்ந்து மறையும் வரை ஓடினேன். அப்புறம் நின்றேன்.

கயிறும் நின்றது. இரண்டு முறை சுண்டியது. நான் அசையவில்லை. வாயும் திறக்கவில்லை. வளையத்தை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு லாரி போனது. கால்வாயில் தண்ணீர் எதிலோ மோதிச் சலசலத்தது. பின்னால் எங்கேயோ சைக்கிள் சங்கிலியும் நின்றுவிட்டது. பக்கத்தில் மூச்சு மேலும் கீழும் இரைத்தது, பிறகு அடங்கியது. இப்போது பேசுவான், இதோ பேசப்போகிறான் என்று காத்திருந்தேன். சாதாரணமாக இதற்குள் ஆட்கள் பெற்ற தாயைக்கூடக் காட்டிக் கொடுத்துவிடுவார்கள். இவன் பேசவில்லை. காலை மாற்றிக்கூட வைக்கவில்லை. வியர்வை ஆறி எனக்குக் குளிர ஆரம்பித்தது. இவனுக்கும் குளிரும். பேசவில்லை.

நான் தோற்கப்போகிறேன் என்று எனக்குப் புரிந்தது. அது புரிந்த நொடியில் இன்னொன்றும் புரிந்தது. இந்த ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்த ஆள் உலகத்தில் ஒருவன் உண்டு. சின்ன வயதில், அலமாரிக் கண்ணாடியை உடைத்தது யார் என்று அம்மா எங்கள் இரண்டு பேரையும் சுவர் பார்த்து நிற்க வைத்தாள். சாயந்திரம் வரைக்கும் நின்றோம். முதலில் வாய் திறந்தவன் நான். அவன் ராத்திரிச் சாப்பாடு வரை வாயைத் திறக்கவில்லை; இத்தனைக்கும் உடைத்தது நான்.

காலடி ஏன் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவன் கால் என் காலோடு சேர்ந்து விழுந்திருக்கிறது. ஒரே வீட்டுக் கால், ஒரே எட்டு. ஓட்டம் சுகமாக இருந்ததும் அதனால்தான்.

"டேய்," என்றேன்.

கயிறு நடுங்கியது.

"மாப்ளே! சைக்கிள அங்க போட்டுட்டு இங்க வா."

மைத்துனன் நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். வரும்போதே ஆரம்பித்துவிட்டான். "மாமா, முட்டி போயிடுச்சு மாமா. பாதி தூரத்துக்கு மேல ஓடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொன்னா நீங்க போட்டியே வேணாம்னு உக்காந்துடுவீங்கன்னு அக்கா பயந்துச்சு. யாரைக் கேக்கறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தப்ப இவரே வந்தாரு. நீங்க பேரு குடுத்ததக் கேள்விப்பட்டு மாசக்கணக்கா தனியா ஓடிப் பழகிட்டு வந்தாரு. பம்ப் ரூம் சத்தத்துல கயிற அவருகிட்ட குடுத்துட்டு, அவரு வந்த சைக்கிள்ல நான் வந்துடுவேன். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாரு..."

"நீ சும்மா இரு. இவன் சொல்லட்டும்." திரும்பி, மூச்சு வந்த திசையில் கேட்டேன். "என்னை இழுத்தியா?"

பதில் இல்லை.

"உன்னைத்தான் கேக்கறேன். நான் ஓடினது என் ஓட்டமா, நீ இழுத்த இழுப்பா? அன்னிக்கு உக்கார வச்சு சோறு போடறேன்ன. இப்ப ஓட வச்சு வேடிக்கை பாக்கறியா?"

பதில் இல்லை.

"சொல்லித் தொலைடா! வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?"

"மாமா," என்றான் மைத்துனன் மெல்ல. "போட்டது நீங்கதான்."

"நானா?"

"ஆஸ்பத்திரியில, அன்னிக்கு. 'இனிமே உன் குரல் என் காதுல விழக் கூடாது'ன்னு சொன்னீங்க. நாங்க எல்லாரும் அங்கதான் இருந்தோம்."

எனக்கு நினைவே இல்லை. சத்தியமாக இல்லை. அன்று அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். நாலு வருடமாகத் தினமும் எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். நான் சொன்னது ஒன்றுகூட இல்லை. ஆனால் கேட்டதும் தெரிந்தது, அது என் வாக்கியம்தான். அதை வேறு யாராலும் சொல்லியிருக்க முடியாது. கண் போன அன்றைக்கு, குரலைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லாத அன்றைக்கு, அவன் குரலே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவன் கோபத்தில் விலகிப்போனான் என்று நான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருக்க, மடையன், அண்ணன் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். போன் செய்யவில்லை. வாசலுக்கு வந்து கூப்பிடவில்லை. நான் விழப்போனபோது விலகினானே, "பாத்துண்ணா" என்று வாய் தவறி வந்துவிடும் என்று பயந்து, வாயைப் பொத்திக்கொண்டு விலகியிருப்பான். கயிற்றின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு மேடு, பள்ளம், நாய், லாரி எல்லாவற்றையும் விரலாலேயே சொல்லியிருக்கிறான்.

"பேசுடா," என்றேன். "நான்தான் சொல்றேன். பேசு."

ஒரு கனைப்பு. இன்னொரு கனைப்பு. பிறகு, நாலு வருடத்தில் கொஞ்சம் தடித்துப்போன, ஆனால் அதே குரல்.

"நான் இழுக்கலண்ணா."

காது முழுவதையும் அங்கே கொண்டுபோய் வைத்தேன். முப்பதாயிரம் புகார்களைக் கேட்ட காது. அதில் ஒரு துளி பாவம் பார்க்கிற தொனி இருந்தாலும், ஒரு துளி சர்க்கரை இருந்தாலும், கயிற்றை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குத் தடவிக்கொண்டே நடந்துவிடுவது என்று இருந்தேன்.

"இழுக்கறதா? நீ போற போக்குல கூட வர்றதுக்கே எனக்கு நாக்கு தள்ளுது. ரெண்டு நாள் வீட்டுக்குப் போயி வாந்தி எடுத்தேன். வேன்ல பசங்க என்ன சார் நொண்டறீங்கன்னு சிரிக்கறாங்க. கொஞ்சம் மெதுவா ஓடுன்னு சொல்லலாம்னு பாத்தா, பேசவும் முடியாது. உன்னை யாராலண்ணா இழுக்க முடியும்?"

பொய் இல்லை. குறை சொல்கிறான். என் தம்பி என்னைப் பற்றி என்னிடமே புகார் கொடுக்கிறான். இவ்வளவு இனிமையான புகாரை என் பிரிவில் நான் கேட்டதே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். மைத்துனன் துண்டை நீட்டினான். அதில் தைல நெடி அடித்தது.

"அப்ப ஏன்டா அன்னிக்கு உக்காந்து சாப்பிடட்டும்னு சொன்ன?"

"பயந்துட்டேண்ணா," என்றான். அதுவும் பொய் இல்லை.

மீதித் தூரம் ஓடினோம். சைக்கிள் இந்த முறை ஒளிந்து வராமல் பக்கத்திலேயே கிரீச்சிட்டுக்கொண்டு வந்தது. தம்பி பேச ஆரம்பித்தான். முதலில் மேடு, பள்ளம் என்று வழி மட்டும் சொன்னான். அப்புறம் கால்வாயில் மிதந்து போகிற செருப்பைச் சொன்னான். எதிரில் வந்த ஆளின் தொப்பையைச் சொன்னான். வேனின் கிளட்ச் பழுதான கதை, மனைவியோடு சண்டை, மகளுக்கு விழுந்த பல், புது வீட்டில் ஒழுகுகிற கூரை என்று, சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் மூச்சு வாங்க வாங்கக் கொட்டிக்கொண்டே வந்தான். எனக்கு எட்டு தப்பியது, மூச்சுக் கணக்கு குழம்பியது, வேகம் அடியோடு போனது. அடுத்த வாரம் போட்டி. இந்த லட்சணத்தில் பேசிக்கொண்டு வந்தால் கடைசி ஆளாகத்தான் போய்ச் சேருவேன்.

"வாய மூடிட்டு ஓடுடா" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. சொல்லி, இவன் அதையும் கேட்டுவிட்டால்?